விசிறியைச் சுழற்றும் வெப்பக்காற்று

பால்மர நிரையில் நின்று ஆகாயக் கப்பலை அண்ணாந்து பார்த்தவர்கள் நம் பெற்றோர். அது எப்படிப் பறக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

1947 மே மாதம் மலாயன் ஏர்வேய்ஸ் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களுக்கு வாரந்தோறும் விமானம் விடத் தொடங்கியது. ஐந்து பயணிகள் அமரும் அச்சிறு விமானம், மோட்டார் வண்டியைப் போலவே பிஸ்டன் இயந்திரத்தால் ஓடியது. 1963இல் ஃபோக்கர் 27 விமானங்கள் வந்துசேர்ந்தன. அவற்றில் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட் என்னும் டர்போபிராப் இயந்திரம்.

அதில் எரிபொருள் எரிந்து எழும் வெப்பக்காற்று ஒரு சுழலியைச் சுற்றும். சுழலியின் வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 15,000 சுற்று. அவ்வளவு வேகம் முன்விசிறிக்கு ஆகாது. ஆகவே பல்சக்கரங்கள் அதைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்து விசிறிக்குக் கொடுக்கின்றன.

இந்த நுட்பம் வெகுகாலம் பொறியாளர்களோடு நின்றது. 1997இல் ஃபிளைட்கியர் என்னும் பாவனைப் பறப்பு மென்பொருள் வெளிவந்தது. விலையில்லை, மூலநிரலும் எவருக்கும் திறந்திருக்கிறது. அங்கே இயந்திரம் இரும்பாலானதன்று, எண்களாலானது. எவ்வளவு எரிபொருளுக்கு எவ்வளவு ஆற்றல்? உயரம் ஏற ஏற அது எவ்வளவு குறையும்? சுழலி வேகம் பிடிக்க எத்தனை நொடி? விசிறி இதழ் எந்தக் கோணத்தில் திரும்பும்? ஓர் எண் பிழைத்தாலும் திரையில் விமானம் பொய்யாகப் பறக்கும்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை கணினியில் விமானம் ஓட்டினால் வெறும் விளையாட்டென்று அதட்டவேண்டாம். "இந்த எண் ஏன்?" என்று கேட்போம். நம் பெற்றோர் அண்ணாந்து பார்த்ததை நம் பிள்ளைகள் திறந்து பார்க்கட்டும்.