திரைவழிக் கண்சோர்வு
கைப்பேசி, கணினித் திரைகளை நெடுநேரம் பார்ப்பதால் வரும் எரிச்சல், உலர்வு, மங்கல், தலைவலி. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறைபோல் இமைக்கும் கண், திரைமுன் 5 முதல் 7 முறையே இமைப்பதால் கண்ணீர்ப் படலம் காய்கிறது. மலேசியாவில் கொவிட் பரவலால் 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் பாடங்கள் வீட்டுக்கு மாறின. கோப்பெங் போன்ற பேராக்கின் பழைய ஈயச் சுரங்க ஊர்களில் பல பிள்ளைகளுக்கு அப்பாவின் கைப்பேசியே வகுப்பறையானது. சின்ன எழுத்தைப் படிக்க அதை மூக்கருகே பிடிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிடித்தால் கண்ணின் குவியத் தசை இன்னும் களைக்கும். நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிக்குக் கொடுக்கும் காசு வீண்தான்: 2023 காக்ரேன் மருத்துவ மீளாய்வு கண்சோர்வுக்கு அதில் குறுகிய காலப் பயன் காணவில்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்க்கக் கண் மருத்துவர்கள் சொல்வார்கள். கோப்பெங்கில் அதற்குச் சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கின்றன. இச்சோர்வு பெரும்பாலும் ஓய்வில் தணியும். மங்கல் நீடித்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.