குடியும் குடிமையும்: மட்டக்களப்பு வாவிக்கரையில் குடியியற் கல்வி

மட்டக்களப்பில் 'குடி' பாடநூலுக்கு முந்திய சொல். தாய்வழியில் வரும் குடி மணவுறவை வரையறுக்கிறது. குடிகளின் சார்பில் தமிழர் கோயில்களில் வண்ணக்கரும் முஸ்லிம் பள்ளிவாசல்களில் மரைக்காயரும் பொறுப்பேற்று வந்துள்ளனர். ஆகவே ஆறாந் தரத்தில் குடியியற் கல்வி நூலைத் திறக்கும் பிள்ளைக்குப் பிரதிநிதித்துவம் புதிய செய்தியன்று. ஆனால் நாடு முழுமைக்கும் ஒன்றாக எழுதப்படும் நூல் இந்த அனுபவத்திலிருந்து தொடங்குவதில்லை. தொடங்கினால்தான் குடிக்கும் குடிமைக்கும் உள்ள வேறுபாடு துலங்கும். குடி தாய்வழி வருவது. வண்ணக்கரோ பெரும்பாலும் ஆண்களே. உள்ளூராட்சி மன்றங்களிலோ பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. பிறப்பால் வரும் உரிமைக்கும் வாக்கால் வரும் உரிமைக்கும் உள்ள இடைவெளியை விளக்க இதைவிட நல்ல பாடம் எது?

இலங்கையின் 1972 கல்விச் சீர்திருத்தம் குடியியலைச் சமூகக்கல்விக்குள் கரைத்தது. 2007க்குப் பின் அது தனிப்பாடமாக மீண்டது. எனினும் 6 முதல் 9ஆம் தரம் வரையே அனைவருக்கும் உரியது. 10, 11ஆம் தரங்களில் விருப்பத் தெரிவு. வாக்குரிமை வயது நெருங்குகையில் பாடம் பலரிடமிருந்து விலகிப்போகிறது.

உள்ளடக்கத்தின் குறை இன்னும் ஆழமானது. மத்திய அரசு, மாகாண சபை, உள்ளூராட்சி மன்றம் என மூன்றடுக்கு ஆட்சியை மாணவர் மனனம் செய்கின்றனர். மாகாண சபைகள் 1987இன் 13ஆம் திருத்தத்தால் வந்தவை. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பரில். 2017 செப்டெம்பரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. அவ்வாண்டு ஆறாந் தரத்திலிருந்த பிள்ளை இன்று வாக்காளர். கரும்பலகையில் வரைந்த நடு அடுக்குக்குத் தெரிவான உறுப்பினர் எவருமில்லை என்பதை நூல் கேள்வியாக எழுப்பாவிட்டால், அது அமைப்பைக் கற்பிக்கிறதே தவிர குடிமையைக் கற்பிக்கவில்லை.

குடிமையை எப்படிக் கற்பிப்பது? மட்டக்களப்பு வாவியின் குருமண்வெளித் துறையைப் பாருங்கள். ஊரார் 'பாதை' என்றழைக்கும் மிதவையில் மோட்டார் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு, எழுவான்கரை ஆசிரியர்கள் படுவான்கரையின் மண்டூருக்குக் கடக்கின்றனர். ஒரு கரை மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபைக்கும் மறு கரை போரதீவுப்பற்றுப் பிரதேச சபைக்கும் உரியது. இந்தப் பாதைக்கு யார் பொறுப்பு? கட்டணத்தை யார் தீர்மானிப்பது? பழுதானால் யாரிடம் முறையிடுவது? ஒன்பதாந் தர மாணவர் இவற்றைக் கடிதமாக எழுதி, உரிய அலுவலகத்தின் பதிலை வகுப்பில் வாசித்தால், அதிகாரப் பகிர்வு அவர்களுக்கு விளங்கிவிடும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் பயனும் அப்போது புரியும்.

போர் கண்ட மண்ணில் ஆட்சி பற்றிய கேள்விகள் வகுப்பைப் பிளக்கும் என்று சிலர் அஞ்சுவர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் பாதையின் கேள்வி எந்தக் கட்சிக்கும் உரியதன்று. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. இத்தகைய பொதுக் கேள்விகளைக் கேட்டுப் பழகாத பிள்ளை, கட்சிகளின் கேள்விகளை எடைபோடவும் பழகாது.

தேசிய கல்வி நிறுவகம் ஒவ்வோர் அலகின் முடிவிலும் உள்ளூர்க் களப்பணி ஒன்றைக் கட்டாயமாக்கி, அதற்குப் புள்ளியும் வழங்க வேண்டும். குடிமை என்பது விடைத்தாளில் எழுதும் வரைவிலக்கணமன்று, அது பழக்கம்.