துப்பாக்கியைக் கைவிட்ட அரசின்மைவாதி

'அராஜகம்' என்றால் கலவரம், ஒழுங்கின்மை என்றே நாம் பொருள் கொள்கிறோம். அச்சொல்லுக்கு இப்பழி ஒட்டியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கார்னோவையும் 1900இல் இத்தாலிய மன்னர் உம்பர்த்தோவையும் கொன்றவர்கள், அரசு என்னும் அமைப்பே கூடாது என்ற கொள்கையினர். அக்கொலைகள் விளைவித்த அச்சத்தை ஆங்கில ஆட்சி இந்தியாவிலும் பயன்படுத்திக்கொண்டது. 1919ஆம் ஆண்டின் ரௌலட் சட்டத்துக்கு 'அராஜக, புரட்சிக் குற்றங்கள் சட்டம்' என்பதே முறையான பெயர். ஆனால், 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதன் போன்றோர் அரசே வேண்டாம் என்றவர் அல்லர். அந்நியர் அரசு வேண்டாம் என்றவர்கள். இவ்வேறுபாட்டைச் சட்டம் எழுதியவர்கள் அறியாதிருந்தனர் என்று நாம் நம்புவதற்கில்லை.

மெய்யான அரசின்மைவாதி ஒருவரும் தமிழ் மண்ணில் தோன்றினார். 1887இல் சென்னையில் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யா, பாரதியாரின் 'இந்தியா' வார இதழோடு தொடர்புடையவர். அடக்குமுறை முற்றவே, 1908இல் நாட்டைவிட்டு வெளியேறி இலண்டன் 'இந்தியா ஹவுஸ்' விடுதியை அடைந்தார். சாவர்க்கரும் வ.வே.சு. ஐயரும் அங்கிருந்தனர். 1909 ஜூலை முதல் நாள் மதன்லால் திங்க்ரா, கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். அதே ஆண்டில் ஆச்சார்யா, போர்ப்பயிற்சி பெறும் நோக்கில் மொரோக்கோவுக்கே புறப்பட்டார்; ஸ்பெயினை எதிர்த்த ரிஃப் மக்களோடு சேர்ந்து போரிட எண்ணினார். அம்முயற்சி கைகூடவில்லை.

முதல் உலகப் போரில் பெர்லின் குழுவுக்காக மேற்காசியா சென்று, ஆங்கிலப் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்களைத் தம் பக்கம் திருப்ப முயன்றார். 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்களுள் சிலர் நீரிணையைக் கடந்து நம் ஜொகூருக்குள் தப்பியோடி வந்ததை மாணவர்கள் இங்கே இணைத்து எண்ணலாம். இருவேறு நிகழ்ச்சிகள்; ஆயினும் காலம் ஒன்று, குறி ஒன்று.

1919இல் ஆச்சார்யா மாஸ்கோவில் லெனினைச் சந்தித்தார். 1920 அக்டோபர் 17இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி அமைக்கப்பட்ட கூட்டத்துக்கு அவரே தலைமை தாங்கினார். விரைவிலேயே எம்.என். ராயோடு முரண்பட்டுக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வாழ்வின் உண்மையான திருப்பம் இதுவென்றே நாம் கருதுகிறோம். ஜார் மன்னரின் அரசு வீழ்ந்த இடத்தில் அதனினும் இறுக்கமான மற்றோர் அரசு எழுந்ததைக் கண்ணெதிரே கண்டவர் அவர். 1922இல் பெர்லின் திரும்பி, அரசின்மைத் தொழிற்சங்க இயக்கத்தில் இணைந்தார். பிறரைக் கொலைக்குத் தூண்டிய அக்கொள்கை, அவரைக் கொலைவழியிலிருந்து விலக்கியது. வன்முறையே அரசின் இயல்பு. அரசை வேண்டாதவன் அதன் கருவியைக் கையிலெடுப்பது எங்ஙனம்? இத்தருக்கமே அவரைக் காந்தியடிகளின் அறவழியை மதிக்கச் செய்தது.

1930களின் நடுவில், உருசிய ஓவியரான மனைவி மக்தா நாஹ்மனோடு பம்பாயில் குடியேறினார். இந்திய விடுதலைக்குப் பின்னும் அவர் கருத்து மாறவில்லை. ஆள்வோரின் நிறம் மாறியது போதாது என்றே எழுதினார். 1951இல் மக்தா மறைந்தார். வறுமையும் நோயும் வாட்ட, 1954இல் ஆச்சார்யாவும் மறைந்தார். பல நாட்டு இதழ்களில் சிதறிக் கிடந்த அவருடைய கட்டுரைகள் 2019இல்தான் ஆங்கிலத்தில் ஒரு நூலாகத் தொகுக்கப்பட்டன.