மெனு

'சிறிய', 'நுணுக்கமான' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரடையாகிய மெனு, 'குறைத்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்தது. மணித்துளியைக் குறிக்கும் 'மினிட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே வேர். விருந்தின் பண்டங்களை ஒன்றுவிடாமல் விரித்துரைக்கும் பட்டியலுக்குப் பெயரான இச்சொல், பின்னர் கணினித் திரையில் தெரிவுசெய்யத்தக்க கட்டளைகளின் வரிசையையும், இணையதளப் பக்கங்களுக்கு வழிகாட்டும் இணைப்புகளின் தொகுதியையும் சுட்டலாயிற்று.

வலைப்பக்கத்தின் பகுதிகளை இன்னின்னவை எனக் குறிக்கும் மொழியான எச்டிஎம்எல்லின் 2.0 பதிப்பு (1995) மெனு என்ற பெயரிலேயே ஒரு பட்டியல் குறியைக் கொண்டிருந்தும், வடிவமைப்பாளர்கள் அதை ஒதுக்கிவிட்டு, தரவுகளை நிரல்நிரையாகக் காட்டுவதற்கென அமைந்த அட்டவணையின் கட்டங்களுக்குள் இணைப்புகளை அடைத்தது வேடிக்கைதான்; ஆயினும் அக்கால உலாவிகளில் இடஅமைப்பைக் கட்டுப்படுத்த வேறு நம்பகமான வழி இல்லாமையால் அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. தோற்றத்தை மட்டும் தனியே விதிக்கும் மொழியாகிய சிஎஸ்எஸ் 1996 டிசம்பரில் பரிந்துரையாக வெளிவந்து, உலாவிகள் அதனைச் செம்மையாக ஏற்ற பிறகே, இணைப்புகளைச் சாதாரணப் பட்டியலாக எழுதி, முன்னுள்ள புள்ளிகளை நீக்கி, உருப்படிகளை ஒருபக்கமாக ஒதுக்கும் 'ஃப்ளோட்' பண்பினால் கிடைவரிசையில் நிறுத்தும் முறை பரவியது. 'ஃப்ளெக்ஸ்பாக்ஸ்' என்னும் அமைப்புமுறை பின்னர் அவ்வேலையை எளிதாக்கிற்று. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் பொதுவாக இத்தகைய மெனுவைப் பட்டியல் என்றும், அதில் இத்தனை உருப்படிகள் உள்ளன என்றும் அறிவிக்கின்றன.