பூட்டிய கதவும் தெரியாத முதலாளியும்

பூட்டு நல்ல சாமான்தான். வீட்டுக்கு வேண்டும், பணப்பெட்டிக்கு வேண்டும். ஆனால் உள்ளே மனிதர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவது வேறு சங்கதி. நாம் கடையில் வாங்கி உடுத்தும் தைத்த சட்டைகளின் சரித்திரத்தைப் புரட்டினால், இந்தப் பூட்டு மறுபடி மறுபடி எதிர்ப்படுகிறது. கூடவே ஒரு பேச்சும் வருகிறது: "எனக்குத் தெரியாது." பூட்டை உடைப்பதைவிட அந்தப் பேச்சை உடைப்பது கஷ்டமாக இருந்திருக்கிறது.

நியூயார்க் நகரத்தில், வாஷிங்டன் சதுக்கத்துக்கு அருகே ஒரு பத்து மாடிக் கட்டிடம். அதன் மேல் மூன்று மாடிகளில் டிரையாங்கிள் கம்பெனி இருந்தது. அந்தக் காலத்துப் பெண்கள் பாவாடைக்கு மேல் அணிந்த 'ஷர்ட்வெயிஸ்ட்' என்னும் மேல்சட்டையை அங்கே தைத்தார்கள். முதலாளிகள் மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் என்ற இருவர். ருஷ்யாவிலிருந்து பிழைக்க வந்து பணம் சேர்த்தவர்கள். தைத்தவர்களும் கப்பலேறிப் பிழைக்க வந்த யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களுமே. பலருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

இந்தப் பெண்கள் வாய் பேசாத அபலைகள் என்று எண்ணிவிட வேண்டாம். 1909 நவம்பரில் கூப்பர் யூனியன் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. தலைவர்கள் வெகு நேரம் பேசிக்கொண்டே இருந்தார்கள். கிளாரா லெம்லிச் என்ற தையற்பெண் எழுந்து மேடைக்குப் போய், பேசியது போதும், வேலைநிறுத்தம் செய்வோம் என்று யித்திஷ் மொழியில் சொன்னாள். ஏறத்தாழ 20,000 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். பல கம்பெனிகள் சங்கத்தோடு ராஜியாகிவிட்டன. டிரையாங்கிள் முதலாளிகளோ நேரத்திலும் கூலியிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்களே தவிர, சங்கத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள். ஆகவே, கதவைப் பூட்டாதே என்று சொல்ல அங்கே ஆளில்லாமல் போயிற்று.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. வேலை முடியும் சாயங்கால வேளை. எட்டாவது மாடியில், துணி வெட்டும் மேஜைக்கு அடியில் குவிந்திருந்த துண்டுத் துணியில் தீப்பற்றியது. பத்தாவது மாடிக்கு டெலிபோனில் சேதி போயிற்று. முதலாளிகள் கூரை வழியாகத் தப்பினார்கள். ஒன்பதாவது மாடிக்குச் சேதி போகவில்லை. அங்கே ஏறத்தாழ 250 பேர் இருந்தார்கள். ஒரு பக்கத்துப் படிக்கட்டை நெருப்பு மறித்துக்கொண்டது. மறு பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகிறவர்கள் ஒரே வாசலில் வந்து கைப்பையைத் திறந்து காட்டிவிட்டுப் போகவேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. வெளிப்புறத்து இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. பெண்கள் ஜன்னல்களிலிருந்து குதித்தார்கள். அரை மணிக்குள் எல்லாம் முடிந்தது. இறந்தவர்கள் 146 பேர். அவர்களில் 123 பேர் பெண்கள்.

டிசம்பரில் வழக்கு நடந்தது. வருஷத்தில் திருட்டுப்போன சரக்கின் மதிப்பு 25 டாலருக்கு மேல் இராது என்று ஹாரிஸே கூண்டில் ஏறி ஒப்புக்கொண்டார். அந்தத் தொகைக்குத்தான் அந்தப் பூட்டு.

உயிர் தப்பிய கேட் ஆல்டர்மன் சாட்சி சொன்னாள். தன் தோழி கதவின் பிடியைப் பற்றி இழுத்ததையும், கதவு திறக்காததையும் சொன்னாள். முதலாளிகளின் வக்கீல் கெட்டிக்காரர். "இன்னொரு முறை சொல்" என்றார், சொன்னாள். மறுபடியும் சொல்லச் சொன்னார். பெரும்பாலும் அதே சொற்கள்! கேட்டவர்கள் மனத்தில், இது யாரோ சொல்லிக்கொடுத்த பாடம் என்ற எண்ணம் விழுந்தது.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இந்த இடத்தில் எனக்குப் பேசப் பாத்தியதை உண்டு. கற்பனைக் கதைதான் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் வளரும். புதிது புதிதாக அலங்காரம் ஏறும். நிஜமான துக்கம் அப்படியல்ல. பிள்ளையைப் பறிகொடுத்த கிழவி அந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது கவனித்துப் பாருங்கள். இருபது வருஷத்துக்குப் பிறகும் ஒரு சொல் மாறாது. அந்தப் பெண் அதே சொற்களைச் சொன்னது, அவள் பார்த்ததற்கு அத்தாட்சி என்றே நான் கொள்ளுவேன். ஜூரிகள் அப்படிக் கொள்ளவில்லை. அந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பது ருசுவானால்தான் குற்றம் என்று நீதிபதி அவர்களுக்குச் சொல்லியிருந்தார். இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ப்பு வந்தது: விடுதலை. பிற்பாடு 1914-ல், சிவில் வழக்குப் போட்ட 23 குடும்பங்களுக்கு உயிர் ஒன்றுக்கு 75 டாலர் கிடைத்தது. இதற்கிடையே 1913-ல் பிளாங்க் இன்னொரு தொழிற்சாலையில் கதவைப் பூட்டி வைத்துப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை. தீப்பிடித்த அன்று பிரான்ஸஸ் பெர்க்கின்ஸ் என்ற பெண்மணி பக்கத்து வீடொன்றுக்குத் தேநீர் அருந்த வந்திருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்து, பெண்கள் விழுவதைக் கண்ணால் பார்த்தார். பிறகு நியூயார்க் சர்க்கார் அமைத்த விசாரணைக் குழுவில் சேர்ந்து, சட்டசபை அங்கத்தினர்களைத் தொழிற்சாலை தொழிற்சாலையாக அழைத்துப் போனார். சில வருஷங்களில் முப்பதுக்கு மேற்பட்ட சட்டங்கள் வந்தன. வேலை நேரத்தில் கதவு பூட்டக் கூடாது. தீப்பிடித்தால் வெளியேறப் பழக்க வேண்டும். பெண்களுக்கு வாரம் 54 மணிக்கு மேல் வேலை கூடாது. 1933-ல் அந்த அம்மையார் அமெரிக்காவின் தொழில் மந்திரியானார்.

முதலாளிகளும் சும்மா இருக்கவில்லை. துணி வாங்குவதும் சட்டை விற்பதும் ஒருவர்; தைத்துக் கொடுப்பது வேறொரு சில்லறைக் காண்டிராக்டர் என்று தொழில் பிரிந்தது. தையற்கூடத்தில் என்ன நடந்தாலும் விற்பவர், "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடலாமே! சங்கம் விடவில்லை. 1920-களிலும் 1930-களிலும் போராடி, காண்டிராக்டர் செய்வதற்கு விற்பவரும் ஜவாப்தாரி என்று ஒப்பந்தம் எழுதி வாங்கியது.

பிறகு தையல் யந்திரங்கள் கடல் தாண்டின. ஒப்பந்தம் அவற்றோடு கப்பலேறவில்லை. 2012 செப்டம்பரில் கராச்சியில் ஒரு தொழிற்சாலை எரிந்து 250-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கதவுகள் பூட்டியிருந்தன, ஜன்னல்களில் கம்பிகள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு ஒரு சர்வதேச நற்சான்றிதழ் கிடைத்திருந்தது. அதே வருஷம் நவம்பரில் டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் தொழிற்சாலை எரிந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா இடிந்து விழுந்தது. முதல் நாளே சுவர்களில் விரிசல் கண்டிருந்தது. அதே கட்டிடத்திலிருந்த பாங்கி தன் சிப்பந்திகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. தையற்காரர்களை மட்டும் மறுநாள் உள்ளே அழைத்தார்கள். 1,134 பேர் இறந்தார்கள்.

அங்கே யாருடைய சட்டைகள் தைக்கப்பட்டன என்பதை அறிய, இடிபாடுகளில் சட்டைப் பட்டிகளைத் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய கடை வைத்திருந்தவர்கள் சிலர் பழைய பேச்சையே பேசினார்கள்: தெரியாது.

இம்முறை அது செல்லவில்லை. சில வாரங்களில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. உலகத் தொழிற்சங்கங்கள் இரண்டு ஒரு பக்கம்; மறு பக்கம் கையெழுத்திட்ட கம்பெனிகள் நாளடைவில் இருநூற்றைத் தாண்டின. தங்களுக்குத் தைக்கும் தொழிற்சாலை எது என்று கம்பெனிகள் சொல்லியாக வேண்டும். நிபுணர்கள் சோதிப்பார்கள். பழுது பார்க்கப் பணத்துக்கு வழி செய்ய வேண்டும். தவறினால் நடுவர் மன்றம். இரண்டு வழக்குகள் ஹேக் நகரம் வரை போயின; 2018-ல் ஒரு கம்பெனி 23 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமாயிற்று. 1,600-க்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் சோதிக்கப்பட்டன. பூட்டு மாட்டிய வாயில்கள் கழற்றப்பட்டன. 2023-ல் பாகிஸ்தானுக்கும் இம்முறை போயிற்று. நம் திண்டுக்கல் பக்கத்திலும், ஓர் இளம் தையற்பெண் கொலையுண்டதன் பின், பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க 2022-ல் இப்படியொரு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியும் அதில் கட்டுப்பட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கூரை விழாது என்பது ஒன்று. வயிறு நிறையும் என்பது வேறு. 2023-ல் டாக்காத் தொழிலாளர்கள் மாதம் 23,000 டாக்கா கேட்டார்கள். சர்க்கார் நிர்ணயித்தது 12,500. அந்தப் போராட்டத்திலும் உயிர்கள் போயின. கட்டிடத்துக்கு ஜவாப்தாரியான கம்பெனிகள் கூலிக்கு இன்னும் அப்படிக் கட்டுப்படவில்லை.

நியூயார்க் தீயில் இறந்தவர்களில் ஆறு பேரை அடையாளம் காண முடியாமல், பெயரின்றிப் புதைத்தார்கள். யாரென்று தெரியாது என்றே நூறு வருஷம் எழுதிவந்தார்கள். பிறகு ஓர் ஆராய்ச்சியாளர் பழைய பத்திரிகைகளையும் பதிவேடுகளையும் பொறுமையாகத் துருவிப் பார்த்தார். 2011-க்குள் ஆறு பெயர்களும் கிடைத்துவிட்டன. இத்தனை காலமும் அவை அந்தக் காகிதங்களிலேயே இருந்திருக்கின்றன.