யோசேப் காஃபிஹ்: அரபிலிருந்து எபிரேயத்துக்கு

யூத சமய நூல்கள் என்றதும் எபிரேய மொழியே நம் நினைவுக்கு வரும். ஆயினும் இடைக்கால யூத மெய்யியலின் தலைசிறந்த ஆக்கங்கள் பல, எபிரேய எழுத்தில் எழுதப்பெற்ற அரபு நூல்களாகும். சாடியா காவோன், பாஹ்யா இப்னு பகுடா, யெஹூதா ஹலேவி, மைமோனிடிஸ் ஆகியோர் தம் காலத்து வாசகர் அன்றாடம் வழங்கிய மொழியிலேயே அவற்றை இயற்றினர். அரபு அறியாத ஐரோப்பிய யூதர்க்கு இடைக்கால எபிரேய மொழிபெயர்ப்புகளே துணையாயின. அந்நூல்களை 20ஆம் நூற்றாண்டில் மூலத்திலிருந்தே மீண்டும் எபிரேயத்துக்குக் கொணர்ந்தவர் ரபி யோசேப் காஃபிஹ் (1917–2000). அவருடைய வாழ்வையும் எழுத்தையும் இங்கு நோக்குவோம்.

ஏமனின் சனா நகரில் பிறந்த காஃபிஹ், இளமையிலேயே தந்தையை இழந்து பாட்டனாரிடம் வளர்ந்தார். பாட்டனார் யிஹ்யா காஃபிஹ், ஸோஹார் முதலிய மறைஞான நூல்களை மறுத்து, மைமோனிடிசின் அறிவுநெறிக்குத் திரும்புமாறு வலியுறுத்திய 'தோர் தேஆ' இயக்கத்தைத் தோற்றுவித்தவர். அவ்விவாதம் சனா யூதரை இரு பிரிவாக்கிற்று. பேரனோ, பிற்காலத்தில் வாதங்களைத் தவிர்த்து நூற்பதிப்பிலேயே ஆழ்ந்தார். பாட்டனாரின் போரை அவர் வேறு வழியில் தொடர்ந்தார் என்றே நாம் கருதுகிறோம்.

ஏமன் யூதரிடம் தோராவின் வசனங்கள் எபிரேயத்திலும், ஓன்கெலோசின் அரமேய மொழிபெயர்ப்பிலும், சாடியாவின் அரபு மொழிபெயர்ப்பிலும் அடுத்தடுத்துப் பயிலப்பட்டன. நூல்கள் அரிதாகையால் சிறுவர் பலர் ஒரே சுவடியைச் சுற்றி அமர்ந்து, தலைகீழாகவும் பக்கவாட்டிலும் படிக்கப் பழகினர். ஐரோப்பியப் பேராசிரியர்கள் நூலகத்தில் தேடிக் கற்ற சாடியா, காஃபிஹுக்குப் பள்ளிப் பாடம். இவ்வேறுபாடே அவர்தம் மொழிபெயர்ப்புகளுக்குத் தனித்தன்மை அளித்தது.

1943இல் பாலஸ்தீனத்தில் குடியேறிய அவர், 1950இல் எருசலேமில் சமய நீதிபதியானார். 1970இல் உச்ச சமய நீதிமன்றத்தில் இடம்பெற்றார். வழக்குகளுக்கிடையே சாடியாவின் சங்கீத உரை, யோபு உரை, மெய்யியல் நூல், பாஹ்யாவின் 'உள்ளத்தின் கடமைகள்' என அடுத்தடுத்து வெளிவந்தன. 1969இல் இஸ்ரேல் பரிசு பெற்றார்.

இவற்றுள் மைமோனிடிசின் மிஷ்னா உரையே (1963–68) நம் சிறப்புக் கவனத்துக்குரியது. மைமோனிடிஸ் அதனை 1168இல் முடித்தபோதிலும், ஆயுள் முழுவதும் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் தம் கைப்பட எழுதிய படியின் பெரும்பகுதி இன்றும் எஞ்சியுள்ளது. அச்சிட்ட தல்மூதுகளில் வழங்கிவந்ததோ, 13ஆம் நூற்றாண்டில் வெவ்வேறு கைகளால் செய்யப்பெற்ற மொழிபெயர்ப்பு. காஃபிஹ் அக்கைப்படியை அடிப்படையாகக் கொண்டு பெயர்த்ததோடு, அடித்தல் திருத்தல்களையும் குறிப்பில் சுட்டினார். தம் தீர்ப்பையே மாற்றிக்கொள்ளும் ஒரு சட்ட அறிஞரை வாசகர் அதன்வழிக் காண முடிந்தது.

'குழம்பியோர்க்கு வழிகாட்டி' நூலை 1204இல் எபிரேயத்தில் பெயர்த்து முடித்தவர் சாமுவேல் இப்னு திப்போன். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது தவறு. பொருளை முதலில் உணர்க என மைமோனிடிசே அவருக்குக் கடிதம் எழுதியிருந்தார். எனினும் திப்போனின் நடை அரபுத் தொடரமைப்பைப் பெரிதும் தழுவியது. காஃபிஹின் பெயர்ப்பு (1972) அதனினும் தெளிவானது. ஆனால் அவர்தம் எபிரேயம் ரபிகளின் எபிரேயமே. இக்கால வாசகர்க்கு அதுவும் சற்று அயன்மையாகவே தோன்றும். 2002இல் மைக்கேல் ஷ்வார்ட்ஸ் தற்கால எபிரேயத்தில் மற்றொரு பெயர்ப்பை வெளியிட வேண்டியிருந்தது.

காஃபிஹின் உழைப்பு ஏன் அவசரமாயிற்று? 1949–50இல் ஏறத்தாழ 49,000 ஏமன் யூதர் இஸ்ரேலுக்கு வானூர்திகளில் கொண்டுவரப்பட்டனர். அங்குப் பள்ளியிலும் தெருவிலும் எபிரேயமே வழங்கியது. ஆயிரமாண்டு ஓதப்பட்ட சாடியாவின் அரபு, ஒரு தலைமுறைக்குள் புரியாததாகும் நிலை ஏற்பட்டது. மூலத்தைப் படிக்க இயலாதவர்க்கே மொழிபெயர்ப்பு தேவை. அம்மொழிபெயர்ப்பு கிடைத்தபின் மூலத்தைக் கற்போர் மேலும் குறைவர். காஃபிஹ் தம் முதன்மைப் பதிப்புகள் பலவற்றில் அரபையும் எபிரேயத்தையும் ஒரே பக்கத்தில் அருகருகே அச்சிட்டமைக்கு இதனினும் வலுவான காரணம் நமக்குத் தோன்றவில்லை. மைமோனிடிசின் அவ்விரு நூல்களும் பின்னர் அரபுப் பத்தி நீக்கப்பட்டு, எபிரேயம் மட்டும் கொண்ட பதிப்புகளாகவும் வெளிவந்தன.