நிக்கத் தெரிஞ்ச மெஷின்

திருப்பூர் நிட்டிங் கம்பெனிகள்ல பனியன் துணி பின்னுற வட்ட மெஷினைப் பார்த்திருப்பீங்க. சுத்திக்கிட்டே இருக்கும்போது ஒரு நூல் அறுந்தால் போதும், சின்ன பல்பு எரியும், மெஷின் தானா நிக்கும். மெஷின் எவ்வளவு வேகமா ஓடுதுன்னுதான் நாம பெருமையாப் பேசுறோம். எனக்கென்னவோ, அது எப்போ நிக்குதுங்கிறதுதான் பெரிய விஷயம்னு தோணுது. நிக்கத் தெரியாத மெஷினுக்கு ஒரு ஆள் கண் கொட்டாமக் காவல் இருக்கணுமே!

தறியிலதான் இந்தக் கதை சூடு பிடிச்சது. 1841-ல இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஊர்ல கென்வொர்த்தி, புல்லோ ரெண்டு பேரும் ஒரு குட்டி முள்கரண்டிக்கு பேட்டன்ட் வாங்கினாங்க. ஊடை நூல் இருந்தா அது முள்ளைத் தள்ளும். நூல் இல்லையா, முள் அசையாது, தறி நிக்கும். அவ்வளவுதான். ஒரே ஆள் கூடுதல் தறிகளைப் பார்க்க முடிஞ்சது.

1924-ல ஜப்பானின் சாகிச்சி டொயோடா, பாவு அறுந்தாலும் ஊடை அறுந்தாலும் தானா நிக்கிற தறியைக் கொண்டுவந்தார். அதோட உரிமையை 1929-ல இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கினாங்க. பிற்பாடு கார் கம்பெனியா வளர்ந்தது இந்தக் குடும்பத்துத் தொழில்தான்.

நம்ம பக்கம் 1925 வாக்கில் கையால சுத்துற மெஷின்லதான் பனியன் தொழில் தொடங்குச்சு. 1932-ல பைக்காரா மின்நிலையம் வந்தப்புறம் கோவை வட்டாரத்துக்குக் கரண்ட் வந்தது. கரண்ட் வந்தா, நிறுத்துற வேலையையும் கரண்டே செய்யலாம். நூல் அறுந்ததும் ஒரு கம்பி சாய்ஞ்சு சர்க்யூட்டை மூடும், மெஷின் நிக்கும்.

சரி, அந்த சர்க்யூட் ஒயரே அறுந்துட்டா? மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது, துணியில ஓட்டை விழுந்துக்கிட்டே ஓடும். இதுக்கு விடை ரயில்வேகிட்ட இருந்துச்சு. 1872-ல அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் தண்டவாளத்துல எப்பவும் கரண்ட் ஓட விட்டார். ரயில் வந்தாலும் சரி, தண்டவாளம் உடைஞ்சாலும் சரி, பேட்டரி தீர்ந்தாலும் சரி, சிக்னல் சிவப்புக்குப் போயிடும்.

வீட்டுல சின்னதா சிஎன்சி மெஷின் கட்டுற நம்மாளுங்க லிமிட் ஸ்விட்சை 'நார்மலி க்ளோஸ்டு' முறையில இணைக்கணும்கிறது இதனாலதான். ஒயர் அறுந்தாலும் மெஷின் நிக்கும்.

ஆனா இன்னொரு வில்லன் இருக்கான்: பொய் சொல்ற ஸ்விட்ச். ஸ்பிண்டிலை ஓட்டுற இன்வெர்ட்டர் டிரைவும், பக்கத்துலயே ஓடுற ஸ்டெப்பர் மோட்டார் ஒயரும் மின் இரைச்சலைக் கிளப்பும். ஆர்டுயினோ சிப்புக்குள்ள இருக்கிற புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம். அதாவது ஸ்விட்ச் ஒயர்ல ஓடுறது ரொம்பச் சன்னமான கரண்ட். இரைச்சல் அதை லேசா அமுக்கிடும். யாரும் தொடாமலே மெஷின் பாதி வேலையில நிக்கும்.

1836-லயே ஃபாரடே, உலோகக் கூண்டுக்குள்ள வெளி மின்சாரம் எட்டாதுன்னு காட்டிட்டார். ஷீல்டு கேபிள் அந்தக் கூண்டோட நீளமான வடிவம். ஸ்விட்ச் கேபிளோட ஷீல்டை கன்ட்ரோலர் பக்கம் மட்டும் கிரவுண்டுல சேருங்க, மறுமுனையை வெட்டி டேப் சுத்திடுங்க. ஷீல்டையே திரும்புற ஒயரா பயன்படுத்தாதீங்க. மோட்டார் ஒயர்ல இருந்து தள்ளியே கொண்டு போங்க. அதுக்கும் அடங்கலைன்னா 24 வோல்ட்டும் ஆப்டோ-கப்ளரும் இருக்கு.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்ங்கறீங்களா? சும்மா சும்மா நிக்கிற மெஷினை மனுஷன் எத்தனை நாள் பொறுப்பான்? ஒருநாள் கடுப்புல லிமிட் ஸ்விட்சைக் கழட்டி விட்டுடுவான். அந்த நிமிஷம் அவன் 1841-க்கு முன்னாடி போயிடுறான், காவலுக்கு ஒரு ஜோடிக் கண்ணு மட்டும்தான் மிச்சம் :-)